அழாத பிள்ளைக்குப் பெப்பர்மின்ட்

எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண் சுமதி, போன வாரம் ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அதில் வரிசையாக வட்ட முகங்கள் வரைந்திருந்தன. முதல் முகம் சிரிக்கிறது. போகப் போக வாய் கோணுகிறது, கடைசி முகம் கண்ணீர் விடுகிறது. ஆபரேஷன் முடிந்து வரும் பிள்ளைகளிடம் இதைக் காட்டி, "உனக்கு இப்ப எந்த மூஞ்சி மாதிரி இருக்கு?" என்று கேட்க வேண்டுமாம். பிள்ளை எந்த முகத்தைத் தொடுகிறதோ அதைப் பார்த்து மருந்து கொடுப்பார்களாம்.

"உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி ஆன்ட்டி சமாளிச்சீங்க? எங்க ஆஸ்பத்திரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

உட்கார்ந்து எழுதினால் முதுகு பிடிக்கிறது. எழுந்து நின்றால் முழங்கால் பிடிக்கிறது. எனக்கான முகம் அந்த அட்டையில் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. பிறத்தியார் வலிக்குப் பக்கத்தில் நின்று நின்றே தேய்ந்த கால்கள் இவை, இப்போது தங்கள் பங்கைக் கேட்கின்றன. போதும் சாமி என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அந்த முதல் முகம்தான் என்னை விடவில்லை. அஞ்சலை என்ற பெண்ணிடம் அன்றைக்கு இந்த அட்டையை நீட்டியிருந்தால், அவள் யோசிக்காமல் அந்தச் சிரிக்கிற முகத்தைத்தான் தொட்டிருப்பாள். அவளுக்காக எழுதுகிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளைக் கோக்கிற வேலை. நான் நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றதும், "கண்டவன் பீமூத்திரம் அள்ளவா பொண்ணைப் பெத்தே?" என்று அத்தை அப்பாவை வைதாள். கடைசிக் காலத்தில் அவளுக்கு அதை அள்ளியது நான்தான். பயிற்சி வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விரிப்பை மூலை மடித்து விரிக்கக் கற்றேன், ஊசியும் சிரிஞ்சும் கொதிக்க வைக்கக் கற்றேன், பதில் பேசாமல் திட்டு வாங்கக் கற்றேன். கடைசியாகச் சொன்னதுதான் வேலைக்கு ரொம்ப உதவியது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் என்னைப் போட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் விரிப்பில் படியும். மூடினால் வேர்த்துச் சாவோம். கப்பல் ஊதினால் கைக்குழந்தைகள் எல்லாம் ஒன்றாக விழிக்கும். வந்த பிள்ளைகள் மூட்டை தூக்குகிறவர்கள், மில் வேலைக்காரர்கள், மீன்காரிகள் பெற்ற பிள்ளைகள். உள்நாக்குச் சதை எடுப்பது, கட்டியைக் கீறுவது, காலில் ஏறிய தகரத்தை எடுப்பது, சுன்னத்து செய்த இடம் சீழ் பிடித்தால் சுத்தம் செய்வது, இப்படித்தான் கேஸ்கள். சின்ன ஆபரேஷன் என்பார்கள். கத்தி பிடிக்கிறவருக்கு அது சின்னது. படுத்திருக்கிற பிள்ளைக்கு எது சின்னது?

வலிக்கு மருந்து என்று எங்களிடம் இருந்தது ஆஸ்பிரின். அதை நுணுக்கித் தேனில் குழைத்து நாக்கில் தடவுவோம். மார்ஃபியா பூட்டிய அலமாரியில் இருந்தது, பெரியவர்களுக்கு மட்டும். பெரிய டாக்டர் நல்ல கைராசிக்காரர், ஏழைகளிடம் எரிந்து விழாதவர். ஆனால் பிள்ளைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, தெரிந்தாலும் மறந்துவிடும் என்பது அவர் முடிவு. அவர் படித்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது போலிருக்கிறது. குற்றம் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

வார்டை ஆண்டது பெரிய டாக்டர் இல்லை, ரூபி சிஸ்டர். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், ஒல்லி உடம்பு, இஸ்திரி கலையாத வெள்ளை உடுப்பு. அவர் நடந்து வந்தால் சத்தமே கேட்காது. நம் முதுகுக்குப் பின்னாலிருந்து "ஏட்டி" என்ற குரல் வந்த பிறகுதான் வந்தது தெரியும். எத்தனை வருஷம் மதராஸில் இருந்தும் அவர் பேச்சு தாமிரபரணியைத் தாண்டவில்லை.

அவரிடம் நான் கற்றதைச் சொல்கிறேன், இன்றைக்கு யாருக்கும் உபயோகப்படாது. அப்போது ஒரு ஊசியைப் பல பேருக்குப் போடுவோம், போடப் போட முனை மழுங்கும். பெனிசிலினோ சில மணி நேரத்துக்கு ஒரு தரம் போட வேண்டிய மருந்து. தினம் காலையில் சிஸ்டர் எல்லா ஊசிகளையும் பரப்பிக்கொண்டு உட்காருவார். சாணைக்கல்லில் எண்ணெய் விட்டு, சாய்வாகப் பிடித்து, மெதுவாகத் தீட்டுவார். தீட்டிய முனையைப் பஞ்சின் மேல் ஒரு இழுப்பு இழுப்பார். ஒரு நூலிழை சிக்கினாலும் திரும்பவும் கல்லுக்குப் போகும். "பஞ்சில மாட்டுத ஊசி பிள்ளை சதையில மாட்டாதா?" என்பார். அவர் தீட்டிய ஊசி போட்டால் பாதிப் பிள்ளைகள் போட்டு முடித்த பிறகுதான் அழ ஆரம்பிக்கும்.

கட்டு மாற்றுவதும் அப்படித்தான். புண்ணில் ஒட்டிக்கொண்ட துணியை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால் வலி சீக்கிரம் முடிந்துவிடும் என்று கட்டுப் போடுகிற ஆண் டிரஸ்ஸர்கள் சொல்வார்கள். சிஸ்டர் விடமாட்டார். உப்பு போட்டுக் காய்ச்சி ஆறிய வெந்நீரைத் துணியின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்பார். துணி தானாக விட்டுக்கொடுக்கும் வரை காத்திருப்பார். உள்நாக்குச் சதை எடுத்த பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்க, மீனுக்கு ஐஸ் விற்கிற இடத்துக்கு ஆள் அனுப்பமாட்டார். கம்பெனியிலிருந்தே மரத்தூளில் புதைத்த பாளம் வர வேண்டும், அதைக் கழுவி உடைத்துத் தன் கையால் வாயில் போடுவார். கையில் அவ்வளவு கருணை உள்ள மனுஷி.

காதுதான் அவருக்குக் கருணை இல்லாதது. அழுகைச் சத்தம் கேட்கவே கூடாது. "ஒண்ணு அழுதா ஒம்பதும் அழும். ஒம்பதும் அழுதா தையல் பிரியும், ரத்தம் வரும்" என்பார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் தாய்மார்களைச் சாயங்காலம் மணி அடித்த பிறகுதான் உள்ளே விடுவோம், திரும்ப மணி அடித்தால் வெளியே. அம்மாவைப் பார்த்தால் பிள்ளை அழும், பார்க்காவிட்டால் அழாது, இது எங்கள் கணக்கு. அதோடு சிஸ்டர் மேஜையில் ஒரு தகர டப்பா. உள்ளே வெள்ளைப் பெப்பர்மின்ட். காலை ரவுண்டில் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, "வலிக்கா?" என்று கேட்பார். அழாமல் "இல்ல" என்று சொல்கிற பிள்ளைக்கு ஒன்று. அழுகிற பிள்ளைக்குக் கிடையாது. இதை அவர் ஆரம்பித்து வைத்தார், நாங்கள் எல்லோரும் கொடுத்தோம். வேலை சுலபமாக நடந்தது. பெரிய டாக்டர் வெளியூர் டாக்டர்களைக் கூட்டி வந்து, "கேளுங்கள், பிள்ளைகள் வார்டு என்று சொல்ல முடியுமா?" என்று பெருமைப்படுவார்.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஒரே ஆள் காதர். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். சுன்னத்து செய்த புண் ஆறாமல் சீழ் வைத்து எங்களிடம் வந்தான். இடுப்பில் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் நின்றபடியே கத்துவான்.

"யம்மாடியோவ்! எரியுதே! இன்னாத்தயா ஊத்துனே? மொளகாத்தூளா? டேய் டிரஸ்ஸரு, நீ வெளிய வாடா, எங்க தோஸ்துங்கள வச்சி ஒன்ன கவனிச்சிக்கிறேன்!"

டிரஸ்ஸர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொள்வார். சிஸ்டர் டப்பாவைக் காதர் கட்டிலுக்கு முன்னால் குலுக்கிக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அந்தக் கணக்கு நடந்த வரை ஒரு பெப்பர்மின்ட்கூட அவன் வாங்கவில்லை. ஆனால் எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது என்பது துறைமுகம் வரை தெரியும். அவன் புண் ஒழுங்காக ஆறியது.

அவனுக்குப் பக்கத்துக் கட்டிலுக்குத்தான் அஞ்சலை வந்தாள். திருவொற்றியூர்ப் பெண், பள்ளிக்கூடம் போகிற வயசு, போனதில்லை. அப்பா தீப்பெட்டி ஆலையில் கூலி. அம்மா கன்னியம்மா மீன் விற்பவள். அம்மாவுக்குக் கூடையில் மீன் பிரித்துக் கொடுக்கும்போது கெளுத்தி முள் வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டி, வேப்பிலை வைத்துக் கட்டி, கை பணியாரம் போல வீங்கிய பிறகு தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளோரோஃபார்ம் கொடுத்து, பெரிய டாக்டர் உள்ளங்கையைக் கீறிச் சீழை எடுத்தார். உள்ளே நாடாத் துணி திணித்து, கை அசையாமலிருக்க அடியில் ஒரு பலகைச் சட்டம் வைத்து, முழங்கை வரை கட்டுப் போட்டு அனுப்பினார். விரல் நுனி மட்டும் வெளியே தெரியும். சின்னக் கேஸ்.

மறுநாள் ரவுண்டில் சிஸ்டர் கேட்டார். "வலிக்கா பிள்ளே?"

"இல்ல சிஸ்டர்" என்றாள். சிரித்தாள்கூட. கை போர்வைக்குள் இருந்தது.

பெப்பர்மின்ட் கிடைத்தது. அவள் அதை வாயில் போடவில்லை, இடது கையால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். யாருக்கு என்று கேட்டேன். "தம்பிக்கு. ஏழுமலைக்கு. அவன் முட்டாயே துன்னதில்ல" என்றாள். சிஸ்டருக்கு மனம் இளகிவிட்டது, தம்பிக்கு என்று இன்னொன்று கொடுத்தார். "பாத்துக்கோ, இவள்லாம் பொம்பளப்பிள்ள" என்று காதரிடம் சொன்னார். காதர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "எனுக்கு வலிக்குது, நான் கத்துவேன்" என்று உள்ளே இருந்தபடியே சொன்னான்.

அதற்குப் பிறகும் யார் கேட்டாலும் அஞ்சலை "இல்ல" என்றாள். காலை ஷிப்டில் கேட்டோம், இல்லை. மதியமும் கேட்டோம், இல்லை. கஞ்சியைக் குடிக்காமல் வைத்திருந்தாள். பசிக்கவில்லையாம். இந்த வார்டில் கஞ்சியை விரும்பிக் குடித்தவர் யார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். வாயைக் கேட்டோமே தவிர விரலை யாரும் கேட்கவில்லை. விரல் நுனியைப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது, அதை எழுதி மாட்டியிருந்தோம். வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளையிடம்தான் போர்வையை விலக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தது. சிரிக்கிற பிள்ளையிடம் யார் விலக்குவார்கள்?

சாயங்கால மணி அடித்தது. கன்னியம்மா கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு, ஏழுமலையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அஞ்சலை தலையணைக்கு அடியிலிருந்து பெப்பர்மின்ட்டை எடுத்துத் தம்பி கையில் திணித்தாள். அவன் அதை நக்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். கன்னியம்மா மகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து நேராக என்னிடம் வந்தாள்.

"நர்சம்மா, எம்பொண்ணுக்கு இன்னா மருந்து குடுத்தீங்க?"

"ஏம்மா, வழக்கமான மருந்துதான்."

"இல்ல, இது எம்பொண்ணே இல்ல. இவ தும்முனா தெருவே திரும்பிப் பாக்கும். தம்பி கையில முட்டாய் குடுத்தா பாதிய கடிச்சிகினுதான் குடுப்பா. இன்னிக்கி இன்னான்னா ரிஷி மாரி படுத்துகினு கீறா. இன்னாமோ ஆயிகீது இவளுக்கு."

"அடம் பிடிக்காம நல்ல பிள்ளையா இருக்கா, அதைப் போய்..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது மணி அடித்துவிட்டது. மற்ற தாய்மார்கள் மூட்டையைக் கட்டினார்கள். கன்னியம்மா நகரவில்லை. வாட்ச்மேன் வந்தார், கூப்பிட்டார், கதவைத் தட்டிக் காட்டினார். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டு ரூபி சிஸ்டர் வந்தார்.

"என்னம்மா? மணி அடிச்சது கேக்கலியா? உன் பிள்ள தங்கமா கெடக்கா. இந்த வார்டிலேயே அழாத பிள்ள அவதான்."

"அதான் நானும் சொல்றேன்" என்றாள் கன்னியம்மா. "ஏன் அய்வல? கத்தி வச்சி கீறின கை. எனுக்கு முள்ளு ஏறினாலே நான் அய்வுவேன். அழுத புள்ளதான் பால் குடிக்கும்னு ஊருல சொல்வாங்க. இங்க அழாத புள்ளைக்கு முட்டாயாமே? எம்பொண்ணு பெருமையா சொல்லிச்சு. இது இன்னா ஞாயம்மா?"

சிஸ்டரின் காது சிவந்தது. அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. இந்த அம்மாவுக்குப் பிள்ளையைக் காட்டிவிட்டு அனுப்பலாம் என்றுதான் அவர் கட்டிலருகே போனார், கோபமாகத்தான் போனார். போர்வை ஓரத்தைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிடித்த இடம் ஈரமாக இருந்தது. போர்வையின் மூலை முழுக்கப் பல் பதிந்து, கந்தலாகி, ஓட்டை விழுந்திருந்தது. எலி கடித்த மாதிரி.

சிஸ்டர் போர்வையை விலக்கினார். கட்டுக்கு மேலே முழங்கையைத் தாண்டி வீங்கிப் பளபளவென்று இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. தொட்டுப் பார்த்தார். நானும் தொட்டேன். சில்லென்றிருந்தது. உள்ளே கை வீங்க வீங்க, கட்டு இறுகி இறுகி, ரத்தம் போக வழியில்லாமல் விரல்கள் நெரிந்துகொண்டிருந்தன. சிரித்துக்கொண்டே அதைப் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறது அந்தப் பிள்ளை.

"வலிக்கா, ஏட்டி?" என்றார் சிஸ்டர். அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அஞ்சலை அம்மாவைப் பார்த்தாள், தம்பி கையிலிருந்த பெப்பர்மின்ட்டைப் பார்த்தாள். "வலிக்கல சிஸ்டர்" என்றாள். நெற்றியெல்லாம் வேர்த்து ஊற்றியது.

எத்தனையோ பிள்ளைகள் கத்திக் கேட்டிருக்கிறேன். அந்த "வலிக்கல" என்ற சொல்தான் இன்றைக்கும் காதில் கிடக்கிறது.

டாக்டரைக் கேட்காமல் கட்டை அவிழ்க்கக் கூடாது. சிஸ்டர் அந்த விதியைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. "ஏட்டி, கத்திரி!" என்றார். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாகக் கட்டை வெட்டிப் பிளந்தார், பலகைச் சட்டத்தை எடுத்துப் போட்டார். கட்டின் வரிகள் சதையில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தன. கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்தோம். ஆள் ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தான். அவர் பார்த்த பார்வையிலேயே முகம் மாறிவிட்டது. சீழ் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. மறுபடி குளோரோஃபார்ம், மறுபடி கத்தி. விரல் தங்குமா என்று கேட்டேன். "கை தங்குமா என்று பார்க்கலாம்" என்றார்.

கன்னியம்மா ஆபரேஷன் அறை வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆலையிலிருந்து புருஷன் வந்தான், கந்தக வாசனை வீசும் சட்டையோடு பக்கத்தில் நின்றான். "வலது கை ஆச்சேய்யா... எங்கப்பனே, ஒற்றீசா" என்று ஊர்ச் சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டு அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவர்களை விட்டுப் போக முடியவில்லை, அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றேன். வலது கை போன பெண்ணை அந்தக் காலத்தில், அந்தத் தெருவில், யார் கட்டிக்கொள்வார்கள், எந்த ஆலை வேலைக்கு எடுக்கும்? அதையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கை தங்கியது. விரல்களும் தங்கின. மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. சுண்டுவிரல் மட்டும் மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது, கடைசிவரை நிமிரவில்லை. பெரிய டாக்டர் அதன் பிறகு வெளியூர் டாக்டர்களை வார்டுக்குக் கூட்டி வரவில்லை.

இரண்டாவது ஆபரேஷன் ஆன மறுநாள் காலை ரவுண்டில் சிஸ்டர் டப்பாவை எடுத்துக்கொண்டு வார்டு நடுவில் நின்றார். மன்னிப்பு, விளக்கம், அதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. "கேட்டுக்கோங்க. இனிமே வலிக்குன்னு சொல்லுத பிள்ளைக்குத்தான் முட்டாய். எங்க வலிக்குன்னும் சொல்லணும்" என்றார்.

பிறகு வார்டைப் பார்க்க வேண்டுமே! மூர்மார்க்கெட் சந்தை இரைச்சல் தோற்றது. காலில் கட்டுப் போட்டவன் காது வலிக்கிறது என்றான். காதர் எழுந்து நின்று, "சிஸ்டர், எனுக்குத் தலமயிரு வலிக்குது!" என்றான். அவனுக்கும் கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "பாதிப் பேர் பொய் சொல்றாங்க சிஸ்டர்" என்றேன்.

"சொல்லட்டும். பொய்க்கு ஒரு முட்டாய்தானே போச்சு" என்றார்.

எல்லாரும் வாங்கினார்கள். அஞ்சலை வாங்கவில்லை. சிஸ்டர் அவள் கட்டிலில் நின்று கேட்டபோது, "வலிக்கல சிஸ்டர்" என்றாள். விதி மாறியது அவளுக்குப் புரியாமலில்லை, கெட்டிக்காரப் பெண். ஆனால் நாங்கள் பூட்டிய பூட்டு, எங்கள் சாவிக்குத் திறக்கவில்லை. தினமும் கட்டு மாற்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். உதட்டில் ரத்தம் கட்டிப்போயிருந்தது. சிஸ்டர் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி, "இங்கயா? இங்கயா?" என்று கெஞ்சுவார். பதில் வராது. எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே சீழ் தேங்கியிருக்கிறது என்று தெரியாமல் அவர் ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

ஒருநாள் காலை கட்டு மாற்ற எல்லாம் எடுத்து வைத்தோம். சிஸ்டர் இடுக்கியைக் கையில் எடுத்தார், திரும்பக் கிண்ணத்திலேயே வைத்தார். "ஏட்டி, அவ அம்ம எங்க இருப்பா இப்போ?" என்று கேட்டார்.

கன்னியம்மா எங்கே இருப்பாள்? திருவொற்றியூருக்குப் போகாமல், ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு எதிரேயே கூடையை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும் வரை அங்கேயே கிடப்பாள். வாட்ச்மேன் அவளிடம் தினம் சண்டை போட்டுச் சண்டை போட்டு அலுத்து, மத்தி வாங்கித் தின்கிற அளவுக்கு வந்திருந்தார். போய்க் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். மீன் நாற்றத்தோடு எங்கள் டெட்டால் வார்டுக்குள், காலை நேரத்தில், ஒரு தாய் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"கையைக் கழுவிட்டுக் கட்டில்ல ஏறி உக்காரு. பிள்ளைய மடியில வச்சுக்கோ" என்றார் சிஸ்டர்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அஞ்சலையின் முதுகு அம்மாவின் வயிற்றில் பட்டதுதான் தாமதம், அந்தப் பிள்ளையின் முகம் உடைந்தது. சிஸ்டர் துணியைத் தொடக்கூட இல்லை.

"யம்மா! வலிக்குதும்மா! கை பூரா வலிக்குதும்மா! இந்தப் பொம்பள என்ன டெய்லி கொல்றாம்மா! வூட்டுக்கு இஸ்துகினு போம்மா!"

கன்னியம்மா மகள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. காதர்கூடப் போர்வையை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தான். அந்த அலறலில் கைக்குழந்தைகள் ஒவ்வொன்றாக விழித்து அழ ஆரம்பித்தன. ஒன்று அழுதால் ஒன்பதும் அழும் என்று சிஸ்டர் சொன்னது சரிதான். அவர் யாரையும் அடக்கவில்லை. வெந்நீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"எங்க வலிக்கு, ஏட்டி? இங்கயா?"

"அங்க இல்ல! அந்தாண்ட! கண்ணு தெர்ல ஒனுக்கு?"

"இங்கயா?"

"ஆங்! அங்கதான்! மெதுவா ஊத்து! ஐயோ யம்மா!"

அவள் சொல்லச் சொல்ல, அந்தந்த இடத்தில் தண்ணீர் விட்டு, நாடாத் துணியைச் சுருள் சுருளாக எடுத்தார். சிஸ்டருக்குக் கண்ணாடி நனைந்துவிட்டது, துடைக்கக் கை ஒழியவில்லை. நான்தான் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டேன். புதுக் கட்டைத் தளர்வாகப் போட்டு, விரல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து முடித்தார்.

அஞ்சலை தேம்பிக்கொண்டே அம்மா மடியில் சாய்ந்து கிடந்தாள். சிஸ்டர் மேஜைக்குப் போய் டப்பாவைத் திறந்தார். ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்துவந்து அவள் இடது கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், கையை விரித்தபடியே சிஸ்டரிடம் நீட்டினாள்.

"எனுக்கு இது வோணாம் சிஸ்டர். எங்கம்மாவ அனுப்பாத."

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்கால மணி அடிக்க இன்னும் வெகுநேரம் இருந்தது. கதவருகே வாட்ச்மேன், கன்னியம்மாவைக் கூட்டிப் போகத் தயாராக நின்றுகொண்டிருந்தார். சிஸ்டர் பெப்பர்மின்ட்டை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு அவரைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, வெளிய இந்தம்மா கூடை வெயில்ல கெடக்கும். எடுத்து நிழல்ல வையி. வரும்போது என் மேஜைகிட்ட இருக்க ஸ்டூலையும் கொண்டா. இவ உக்காரணும்லா."